பித்தளைப் பொத்தான்

போன வாரம் நம்ம விங்கோவை மீன் ஆலைக்குப் பின்னால் உள்ள பலகைத் துறையில் மண்டி போட்டபடி விட்டுவிட்டு வந்தோம். அவனுக்கு முன்னால் உடைந்துபோன கைப்பிடி வேலி. தலைக்கு மேலே கிரேன் சங்கிலியில் ஒரு கறுப்புக் கார். அதன் பின்கதவு திறந்து தொங்க, உள்ளே இருந்து கடல் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போர்வைக்கு அடியில் கொரின் வேஸி. சூதாட்டக் கப்பலில் கல்லாவில் இருந்தவள். திங்கட்கிழமை கோர்ட்டில் தன் முதலாளிக்கு எதிராகச் சாட்சி சொல்ல இருந்தவள். பிரேக் பிடிக்கவில்லை என்றது போலீஸ். சான் பெட்ரோவில் ஒருவரும் அதை நம்பவில்லை.

விங்கோ குனிந்து பலகையில் என்ன செய்தான், அவன் முதுகு மறைத்துவிட்டதே என்று கேட்டிருந்தீர்கள். பொறுங்கள் கண்ணுகளா. அவனுடைய அக்கா தோன்காவுக்கே இன்றைக்குத்தான் தெரியப்போகிறது.

சனிக்கிழமை காலை. தோன்கா மத்தி மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். சாப்பிட வேண்டியவன் வீட்டில் இல்லை. விடிந்தும் விடியாததுமாகப் போலீஸ் கார் வந்து அவள் புருஷன் யெர்கோவை ஏற்றிக்கொண்டு போயிருந்தது.

யெர்கோ முக்குளிப்பவன். முக்குளித்தவன் என்று சொல்ல வேண்டும். இரண்டு கோடைக்கு முன்னால் ஆழத்திலிருந்து அவசரமாக ஏறி வந்து, கால் இரண்டும் மரத்து, மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தான். ஒரு காது போனது போனதுதான். இனிமேல் தண்ணீருக்குள் போனால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆனால் போலீஸ் முக்குளிப்பவனுக்குக் காய்ச்சல். வந்த போலீஸ்காரன் வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

"குழந்தைங்கறாங்க, தோன்கா. எப்படி மாட்டேங்கிறது?" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான் யெர்கோ.

மீனை எடுத்து எண்ணெய் வடியப் போட, வாசலில் கிடந்த அன்றைய பேப்பரைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தாள். விரித்த கை அப்படியே நின்றது.

முதல் பக்கம் முழுக்க ஒரே படம். ஈரப் பலகையில் ஒற்றைக் குழந்தை ஷூ. அதற்குப் பின்னால், மங்கலாக, தண்ணீர் சொட்டத் தொங்கும் கார். மேலே கொட்டை எழுத்தில் 'குழந்தை எங்கே?' கீழே பொடி எழுத்தில், படம்: வின்ஸ் ராட்.

வின்ஸ் ராட் வேறு யாருமில்லை. விங்கோ ராடிச்தான் பத்திரிகைக்காகத் தன் பெயரை அப்படி நறுக்கிக்கொண்டிருந்தான்.

ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்த பெரினா எட்டிப் பார்த்தாள். தோன்காவின் மகள், ஆறு வயது.

"அம்மா, இது என் பழைய ஷூ!"

"உளறாதடி."

"அப்பாவோட பொத்தான் இருக்கு பாரேன்."

இருந்தது. வார் பிய்ந்துபோன இடத்தில், யெர்கோவின் கடற்படைக் கோட்டிலிருந்து வெட்டி எடுத்து, தோன்காவே தைத்த பித்தளைப் பொத்தான். அதில் நங்கூரம். நங்கூரத்தில் ஒரு கொக்கி தேய்ந்துபோயிருக்கும். படத்திலும் தேய்ந்திருந்தது.

தோன்கா சட்டென்று மேஜைக்கு அடியில் குனிந்து மகளின் கால் இரண்டையும் பிடித்துப் பார்த்தாள். இரண்டும் சூடாக, அழுக்காக, அதனதன் இடத்தில் இருந்தன. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அந்த ஷூ இப்போது நடுக்கடலில் அல்லவா இருக்க வேண்டும்?

போர் முடிந்த நாளிலிருந்து நம் ஆட்கள் எல்லார் வீட்டிலும் இதே வேலைதான். பிள்ளைகளுக்குப் பத்தாமல் போன துணிமணியை மாவு மூட்டைத் துணியில் வைத்துத் தைத்து, நம் ஊர்க்காரர்களின் மன்றத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது. அங்கிருந்து கப்பலில், கிழக்கே, நாம் பிறந்த தீவுக்கு. அங்கே பிள்ளைகள் வெறுங்காலோடு திரிகிறார்களாம். தோன்காவும் தைத்தாள். பெரினாவின் ஷூ, இரண்டு ஸ்வெட்டர், ஒரு கம்பளிப் பாவாடை. விங்கோவின் காருக்குள் வைத்து, "மறக்காம குடுத்துடுடா" என்று தம்பியிடம் சொன்னாள்.

அப்படியென்றால் யாரோ மன்றத்திலிருந்து எடுத்திருக்க வேண்டும். யாரோ ஒரு ஏழைப் பெண் தன் பிள்ளைக்குப் போட்டிருக்க வேண்டும். அந்தப் பிள்ளை அந்தக் காரில் ஏறியிருக்க வேண்டும். தோன்காவின் மனசுக்குள் அதற்கு ஒரு முகம்கூட வந்துவிட்டது. நான் தைத்த பொத்தானோடு முங்கிப்போச்சே என்று நினைத்து அடுப்பின் முன்னாலேயே அழுதாள். மீன் கருகியது.

முக்குக் கடையிலிருந்து பத்திரிகை ஆபீசுக்குப் போன் போட்டாள்.

"விங்கோ, பார்சலை என்னடா பண்ணின?"

"எந்தப் பார்சல்?"

"தீவுக்கு அனுப்ப தைச்சுக் குடுத்தேனே!"

மறுமுனையில் டைப் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஓ, அதுவா? மன்றத்துல குடுத்தாச்சுக்கா. எப்பவோ."

"யார்கிட்ட?"

"லூட்சேகிட்ட. வேற யாரு இருக்கா அங்க? அக்கா, எனக்கு நிக்க நேரமில்ல. சாயந்திரம் நியூயார்க்லேர்ந்து கூப்பிடறாங்க. அந்தப் பெரிய படப் பத்திரிகை! காலையிலேயே பார்த்துட்டாங்களாம். இதுக்கு ஒரு படி மேல இன்னொரு படம் குடுத்தா வேலை எனக்குத்தான். அப்புறம் இந்த மீன் நாத்தம் ஏது, நான் ஏது?"

"அந்த நாத்தத்துக்குள்ளதான் யெர்கோ இறங்கியிருக்கான்."

"தெரியும். நானும் அங்கதான் கிளம்பறேன்."

எதற்காகக் கிளம்புகிறான் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான்.

பெரினாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மன்றத்துக்கு ஓடினாள். லூட்சே அங்கே சுவரோடு சுவராக இருப்பவள். பார்சல் எல்லாம் அவள் கை பட்டுத்தான் கப்பலேறும். அன்றைக்கு எண்ணெயில் மாவு உருண்டை பொரித்துக்கொண்டிருந்தாள்.

"உன் தம்பியா? இந்தப் படியையே மிதிக்கலையே!"

"குடுத்தேன்னு சொல்றான், லூட்சே. இங்கேர்ந்து யாராவது எடுத்திருப்பாங்களோன்னு..."

கரண்டி அந்தரத்தில் நின்றது. "என்னைத் திருடிங்கறியா?"

"ஐயோ, அப்படிச் சொல்லல."

"பின்ன எப்படிச் சொன்ன? இங்க வந்தவன் எவனும் என் உருண்டையைத் தின்னாம இறங்கினதில்ல. உன் தம்பி தின்னான்னு யாராவது ஒருத்தர் சொல்லட்டும். பெத்தவங்க வச்ச பேரையே வெட்டிக்கிட்டவன், உன் பார்சலையா வெட்டாம விட்டிருப்பான்? போய் அவன் காரைப் பாரு."

சொன்னவள், தோன்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு பொட்டலம் உருண்டையை அவள் கையில் திணித்தாள்.

படகில் ஏறி, மீன் ஆலை இருக்கும் எதிர்த் தீவுப் பக்கம் இறங்கும்வரை தோன்கா அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. மன்றத்திலிருந்து திருடின ஷூவைப் போட்ட பிள்ளை ஒன்று, தம்பியே எங்கேயோ கொடுத்த ஷூவைப் போட்ட பிள்ளை ஒன்று என்று அவள் தலைக்குள் இரண்டு பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். இரண்டில் எது முங்கியது?

துறையில் திருவிழாக் கூட்டம். ஆலையில் வேலை முடித்த பெண்கள் தலைத்துணியைக்கூட அவிழ்க்காமல் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள். போலீஸ் அதிகாரி ஸ்டிரிக்லர் பெட்டியின் மேல் ஏறி நின்றார். இரண்டு பேர் காற்றுப் பம்பைச் சுழற்ற, யெர்கோவின் பழைய கூட்டாளி பெப்போ, கயிறும் குழாயும் தண்ணீருக்குள் போகிற இடத்தைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எப்படி இருக்கான், பெப்போ?"

"அடியில ஒண்ணும் கிடைக்கல. தூணுங்களுக்கு நடுவுல போறான். அங்க பழைய வலை கிடக்கு, போகாதேன்னு கயித்தை இழுத்துச் சொன்னேன். உன் புருஷன் எப்ப யார் பேச்சைக் கேட்டான்?"

விங்கோவின் கார் உப்புக் கொட்டகைக்குப் பின்னால் நின்றது. உள்ளே போலீஸ் ரேடியோ தனக்குத்தானே கரகரத்துக்கொண்டிருந்தது. பின்பெட்டியை அவன் பூட்டுவதே இல்லை. திறந்தாள். ஃப்ளாஷ் பல்பு டப்பாக்கள், மருந்து பாட்டில்கள், மழைக்கோட்டு. கோட்டுக்கு அடியில் மாவு மூட்டைத் துணி. அவள் போட்ட தையல் ஒரு முனையில் கத்தியால் கீறப்பட்டிருந்தது.

கையை விட்டாள். ஸ்வெட்டர். இன்னொரு ஸ்வெட்டர். பாவாடை. அதற்குள் சுருண்டு, ஜோடியில்லாமல், ஒரு ஷூ.

"அக்கா, அதைக் கீழ வை."

விங்கோ பின்னால் நின்றான். தொப்பி ஒரு பக்கம் சாய்ந்து, கேமரா மார்பில்.

"நீதான் வச்சியா?"

"மெதுவா பேசு."

"நீதான் வச்சியாடா?"

"படம் எடுக்கற எல்லாரும் வைக்கிறதுதான்க்கா. ஒருத்தன் தொப்பியை வைப்பான். இன்னொருத்தன் உடைஞ்ச பொம்மையைக் கார்லயே வச்சிருப்பான். வெறும் காரும் போர்வையுமா எடுத்தா எவன் பார்ப்பான்? உள்பக்கத்துல போடுவான், நீயே அதுல மீனைக் கட்டுவே."

"குழந்தை எங்கேன்னு போட்டிருக்கே?"

"நானா எழுதினேன்? தலைப்பு அவங்க வச்சது. குழந்தைன்னு ஒரு வார்த்தை நான் யார்கிட்டயாவது சொன்னேனா? சொல்லு, சொன்னேனா?"

சொல்லவில்லைதான். ஒரு கணம் தோன்காவுக்கு அவன் பேசுவது சரி என்றே தோன்றிவிட்டது. சின்ன வயசிலிருந்தே அவன் அப்படித்தான் பேசுவான். தப்பு எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் அவன் வேறு இடத்துக்குப் போயிருப்பான்.

"அப்ப, குழந்தையே இல்ல?"

"இல்ல."

காலையிலிருந்து அவள் அழுதுகொண்டிருந்த பிள்ளை இல்லை. இறக்கவில்லை. பிறக்கவே இல்லை. சந்தோஷப்பட வேண்டும். ஆனால் அழுத அழுகையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"யெர்கோவை மேல ஏத்தச் சொல்லு."

"சாயந்திரம் வரைக்கும் பொறுத்துக்கோக்கா. அந்தப் போன் ஒண்ணு வந்துடட்டும். ஒண்ணும் கிடைக்கலேன்னா அத்தானே ஏறி வந்துடுவாரு."

"இருக்கறதைத் தேடறவன் கிடைச்சதும் வருவான். இல்லாததைத் தேடறவன் எப்படா வருவான்? வலைக்குள்ள போயிட்டிருக்கான்டா!"

விங்கோ அவளையே பார்த்தான். தலைத்துணி நழுவி, கன்னம் நனைந்து, ஷூவை மார்போடு அணைத்து, பின்னால் கடலோடு நின்ற அவளை. அவன் கண் சுருங்கிய விதத்தைத் தோன்கா கவனிக்கும் முன்பே அந்தச் சத்தம் கேட்டது.

சரக்.

கேமராவில் படம் பதியும் பிளேட்டுக்கு முன்னால் இருக்கும் மெல்லிய தகட்டை உருவும் சத்தம். முதல் கேமரா வாங்கிய நாளில் சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்து சரக், சரக் என்று பழகியவன் அவன். தகட்டை உருவினால்தான் படம் விழும்.

"அப்படியே நில்லுக்கா. அசையாதே."

பல்பு வெடித்தது.

அதற்குப் பிறகு தோன்காவுக்கு உலகமே நீலப் பொட்டுகளாகத்தான் தெரிந்தது. கொட்டகைச் சுவரைத் தடவிக்கொண்டு, பம்புச் சத்தம் வந்த பக்கமாக நடந்தாள். யார் மேலோ மோதினாள். லூட்சேயின் உருண்டைகள் பலகையில் சிதறி உருண்டன.

"பெப்போ, அவனை மேல இழு. குழந்தை இல்ல."

"என்னது?"

"இல்ல. என் தம்பி வச்ச ஷூ அது. இதோ, அதோட ஜோடி." அவள் அதை உயர்த்திப் பிடித்தாள். யாருக்குக் காட்டுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஜெபமாலைகள் நின்றன. ஸ்டிரிக்லர் பெட்டியிலிருந்து இறங்கி வந்தார். ஷூவை வாங்கிப் பொத்தானைத் திருப்பிப் பார்த்தார்.

"ராட்! இந்தம்மா சொல்றது நிஜமா?"

எல்லார் தலையும் திரும்பியது. விங்கோ பொய் சொல்வான் என்றுதான் தோன்கா எதிர்பார்த்தாள். அவன் தண்ணீரைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான்.

"நிஜம்தான்" என்றான்.

பெப்போ கயிற்றை இழுத்துச் சைகை கொடுத்தார். கீழிருந்து, வரமாட்டேன் என்று வெடுக்கென்று ஒரு பதில் இழுப்பு. மறுபடியும் கொடுத்தார். மறுபடியும் வெடுக். மூன்றாவது முறை பெப்போ பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், அவன் கால்களுக்காக. பித்தளைத் தலைக்கவசம் தண்ணீருக்கு மேல் வந்தபோது தோன்கா பலகையில் உட்கார்ந்துவிட்டாள். திருகிக் கழற்றினார்கள். உள்ளே யெர்கோவின் முகம் வெளிறி, ஆனால் கண் மட்டும் பளபளத்தது.

"எதுக்கு இழுத்தீங்க? யார் இழுக்கச் சொன்னது?"

"யெர்கோ, குழந்தை இல்ல. விங்கோதான்..."

"என்ன? இந்தப் பக்கம் பேசு, அந்தக் காது கேக்காதுன்னு தெரியாதா? இதைப் பாரு முதல்ல!"

இடுப்புப் பையிலிருந்து எடுத்து அவள் மடியில் வைத்தான். ஒரு மூக்குக் கண்ணாடி. பொம்மைக்குப் போடுகிற மாதிரி சின்னது. ஒரு கண்ணில் மட்டும் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி மறைத்திருந்தது. மாறுகண் பிள்ளைகளுக்கு டாக்டர் ஒட்டுவார்களே, அது.

"அடியில இல்ல. ஏறும்போது விட்டத்தைப் பிடிக்கக் கைய வச்சேன். துறைக்கு அடியில, தண்ணிக்கு மேல, குறுக்கு விட்டத்துல இருந்துச்சு. மடிச்சு வச்சிருந்துச்சு, தோன்கா. மடிச்சு!"

ஸ்டிரிக்லர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது.

"அழகா மடிச்சு. ஷூவை எவ்வளவு அழகா வச்சிருந்தியோ, அதே அழகு. இதுக்கும் ஒரு படம் எடுத்துட்டியா ராட், இல்ல, இனிமேதானா?"

"இதை நான் வைக்கல." விங்கோ அந்த மூக்குக் கண்ணாடியையே வெறித்துக்கொண்டிருந்தான். "நேத்து பின்ஜன்னல் பக்கமா ஒண்ணு எடுத்தேன். கார் தொங்கும்போது. கழுவிப் பார்த்தா ஜன்னல் கண்ணாடிக்கு உள்ள ஒரு வெள்ளை வட்டம், பக்கத்துலயே ஒரு கறுப்பு வட்டம். பல்பு வெளிச்சம் திரும்பி அடிச்சிருக்கு, கெட்டுப்போன படம்னு தூக்கிப் போட்டுட்டேன். வட்டம் இல்ல அது. இதேதான். இதே மாதிரி ஒண்ணு. பின்சீட்டுல பிள்ளை இருந்திருக்கு."

"தொங்குற கார்ல இருந்த கண்ணாடி மடிச்சுக்கிட்டு விட்டத்துல போய் உக்காந்துதா?"

"அது... ரெண்டாவது ஜோடியா இருக்கலாம். எனக்குத் தெரியல. ஆனா நான் வைக்கல."

"தெரியலையாம்!" ஸ்டிரிக்லர் தோன்காவின் பக்கம் திரும்பினார். "இந்தத் துறைக்கு அடியில எல்லாம் கிடைக்கும்மா. போன மாசம் ஒரு பல்செட் எடுத்தோம். புருஷனைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போங்க. ராட், நீ திங்கட்கிழமை என் ஆபீசுக்கு வா. கேமரா இல்லாம வா."

பம்பு நின்றது. கார்கள் கிளம்பின. பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். போகிற போக்கில் ஒருத்தி விங்கோவின் காலடியில் காறித் துப்பினாள். விளக்குகளைக்கூடப் போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

மத்தியானம் இங்கே ஊரே நின்றது, இல்லாத பிள்ளைக்காக. இப்போது ஒருவேளை ஒரு பிள்ளை இருந்தால், அதற்கு யாரும் இல்லை. கலைத்துவிட்டது தோன்காதான். உண்மையைச் சொல்லி.

யெர்கோ எழுந்து நிற்கப் பார்த்தான். முழங்கால் மடங்கியது. பெப்போ தாங்கிக்கொண்டார்.

"கடல் ஏற்றம் வருது" என்றான் யெர்கோ, தூண்களைப் பார்த்து. "நேத்து ராத்திரி ஏற்றம் சின்னது. இன்னிக்கு அப்படியில்ல. இருட்டறதுக்குள்ள அந்த விட்டம் முங்கிடும். தோன்கா, உன் தம்பி முகத்தை அவன் பொறந்ததுல இருந்து பார்க்கறவ நீ. சொல்லு. வச்சானா, வைக்கலையா?"

தோன்கா பார்த்தாள். சிறு வயதில் ஜாமைத் திருடித் தின்றுவிட்டு இல்லை என்று சொன்ன முகமும் இதுதான். அம்மா செத்தபோது அழுத முகமும் இதுதான். எதிலும் ஒரு வித்தியாசமும் இருந்ததில்லை.

"தெரியலையே, யெர்கோ" என்றாள். "அவனைப் பார்த்தா எனக்கு ஒண்ணும் தெரியல." மடியிலிருந்த கண்ணாடியை எடுத்து விரித்தாள், மடித்தாள். பிளாஸ்திரியில் சின்ன விரல் ரேகை அழுக்கு. "ஆனா இப்படி மடிக்க விங்கோவுக்குத் தோணாது. பார்க்கறவங்களுக்குத் தெரியணும்னு விரிச்சுத்தான் வைப்பான். இது, மடிச்சு வை மடிச்சு வைன்னு ஒரு அம்மாகிட்ட தினமும் திட்டு வாங்கின பிள்ளை."

பெப்போவின் சின்னப் படகு தூணில் கட்டியிருந்தது. அவள் இறங்கினாள். விங்கோவும் கேட்காமலே பின்னால் இறங்கினான், பல்பு டப்பாவோடு.

"அது எதுக்கு?" என்றான் யெர்கோ மேலிருந்து.

"உள்ள இருட்டு அத்தான். பெப்போ லாந்தர் ரெண்டு தூண் தாண்டாது. பல்பு வெடிச்சா மொத்தமும் தெரியும்."

"படம் கூடாது, விங்கோ. பிள்ளை உயிரோட இருந்தா அது நமக்கு மட்டும் தெரியணும். காரைத் தள்ளினவனுக்கும் பேப்பர் படிக்கத் தெரியும்."

விங்கோ கேமராவின் முதுகிலிருந்து பிளேட்டைக் கழற்றினான். வெறும் ஓட்டையைத் தூக்கிக் காட்டினான். பிளேட்டைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான்.

"பாருங்க. காலி."

துறைக்கு அடியில் நுழைந்ததும் பகல் போய்விட்டது. ஆலையின் பம்புகள் மேலே தடதடத்தன. இந்த இரைச்சலில் ஒரு பிள்ளை கத்தியிருந்தாலும் யாருக்குக் கேட்டிருக்கும்? போலீசும் கூட்டமுமாக இத்தனை ஆம்பிளைக் குரல் தலைக்கு மேல் கேட்டால், அது கத்தியிருக்குமா?

"வெடி" என்றாள்.

பளீர். தூண்கள், தூண்கள், தூண்கள். சிப்பி அப்பிய மரம், கிழிந்த வலை, ஓடும் எலி. அப்புறம் இருட்டு. எரிந்துபோன பல்பு தண்ணீரில் விழுந்து சுர்ரென்றது.

"கண்ணு, பயப்படாதே!" என்று கூப்பிட்டாள். பையனா, பெண்ணா? என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது? எந்தப் பாஷை பேசும் பிள்ளையோ. வாய்க்கு வந்தது பெரினாவைக் கொஞ்சும் வார்த்தைகள்தான். அதையே சொன்னாள்.

பளீர். ஒன்றுமில்லை. பளீர். குறுக்கு விட்டம், அதை நக்கிக்கொண்டு தண்ணீர். அதன் மேல் தலையை நிமிர்த்த ஒரு சாண் இடம்தான் மிச்சம்.

"இன்னும் எத்தனை இருக்கு?"

"கொஞ்சம்தான்க்கா."

"விடாத. வெடி."

படகு கடைசி வரிசைத் தூண்கள்வரை வந்துவிட்டது. தோன்கா துடுப்பை விட்டுவிட்டு விட்டத்தைக் கையால் பிடித்து இழுத்துக்கொண்டே நகர்ந்தாள். சிப்பி உள்ளங்கையைக் கிழித்தது.

பளீர்.

தூரத்தில், கல்சுவரும் பலகையும் சேருகிற மூலையில், ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் கை எழும்பி வெளிச்சத்தைத் தடுத்தது.

இருட்டு.

"பார்த்தியா?" என்றாள். "விங்கோ, பார்த்தியாடா?"

"பார்த்தேன்க்கா." அவன் அழுகிறான். விளையாட்டில்லை, நிஜமாக அழுகிறான். அன்றைக்குக் காலையிலிருந்து முதல் தடவையாகத் தோன்கா தன் தம்பியை நம்பினாள். கிழிந்த கையை நீட்டி, "வாடா கண்ணு, என்கிட்ட வா" என்று இருட்டைப் பார்த்துச் சொன்னாள்.

தண்ணீர் சலசலத்தது. மூலையில் ஏதோ நகர்ந்தது. அவளை நோக்கித்தான்.

அப்போது அவளுக்குப் பின்னால், மிக மெதுவாக, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல, சரக் என்று ஒரு சத்தம் கேட்டது.